ஷாஹீதா டீச்சரின் இடது வளைவு

ஷாஹீதா டீச்சர் முதல்முறை எங்கள் வாசலுக்கு வந்தபோது ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. எஞ்சினை மட்டும் அணைத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முழங்கையைப் பிடித்தபடியே, கேட்டில் நின்ற ஹரிஷங்கரிடம் பேசினார்.

"பிள்ளையப் பாக்கணும்னு போன் போட்டீங்க, கூட்டிட்டு வந்துட்டேன். பாத்துட்டு மத்தியானமே திருப்பிக் குடுத்துருங்க. விட்டுட்டுப் போறதுக்கு நான் வரல."

"யாரும் யாரையும் வச்சுக்கப் போறதில்ல மேடம். உள்ள வாங்க, ஒரு காபி சாப்பிடலாம்."

"காபி குடிச்சா அப்புறம் உங்களை எதுத்துப் பேச வாய் வராது. முதல்ல பாருங்க."

பின்னால் இருந்த பிள்ளை எட்டிப் பார்த்து, "டீச்சர், எனக்குக் காபி ஓகே," என்றாள்.

திருநகரைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் இருக்கும் எங்கள் இடத்துக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. தென்மாவட்டங்களில் மேலே வரக்கூடிய விளையாட்டு வீரர்களுக்கும் அவர்களுடைய பயிற்சியாளர்களுக்கும் வேண்டிய உதவிகளைச் செய்வது அதன் வேலை. பெயரை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. ஷேர் ஆட்டோக்காரர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அது 'சென்டர்'தான். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மதுரைக்குத் திரும்பியிருந்த நான், அடுத்து எங்கே கிளம்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அங்கே வீடியோ எடுக்கும் வேலை கிடைத்தது. கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சேர்ந்தேன். ஹரிஷங்கர் எனக்கு மேலே இருந்தவர். ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், எறிகிறவர்கள் ஆகியோரின் கைகால் எந்த நொடியில் எப்படி அசைகிறது என்பதைக் கேமராவையும் கணினியையும் வைத்துப் பிரித்துப் பார்ப்பது அவருடைய படிப்பு, அவருடைய பைத்தியம் எல்லாம்.

மதுரையின் பள்ளி மைதானங்களில் சென்டருக்கு வேறொரு பெயரும் இருந்தது என்று ஷாஹீதா டீச்சர் சொல்லித்தான் தெரியும். 'பிள்ளை பிடிக்கிற இடம்.' ஒரு பி.டி. டீச்சர் நாலு வருடம் வெயிலில் நின்று ஒரு பிள்ளையைத் தேற்றிக் கொண்டுவருவார். அது மாநில அளவில் ஒரு பதக்கம் வாங்கியதும் சென்டர் விடுதியில் சேர்த்துக்கொள்ளும். அடுத்த போட்டியில் மைக்கில் பிள்ளையின் பெயருக்குப் பிறகு வாசிக்கப்படும் பயிற்சியாளர் பெயர் மாறியிருக்கும். அப்படி இரண்டொரு முறை நடந்ததுதான். பிறகு சென்டர் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது; பிள்ளையோடு ஊர்ப் பயிற்சியாளரையும் சேர்த்தே எடுத்துக்கொள்வது என்று. ஆனால் மைதானத்துப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. நல்ல பிள்ளை கையில் இருந்தால் சென்டர் ஆள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று இன்றும் பல டீச்சர்கள் நினைக்கிறார்கள்.

ஷாஹீதா காஜிமார் தெருவில் பிறந்தவர். அத்தா கல்யாண வீடுகளுக்குச் சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். கல்லூரியில் படித்தபோது ஒரு போட்டியில் நடைப் பிரிவுக்கு யாரும் பெயர் கொடுக்கவில்லை என்பதற்காக இவரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். தள்ளியவர்கள் மறந்துவிட்டார்கள், இவர் விடவில்லை. இடுப்பை ஒடித்து ஒடித்து நடக்கிற அந்த நடையைப் பார்த்து உறவுக்காரர்கள் சிரித்தபோது, அத்தா ஒரு போட்டிக்கு நேரிலேயே வந்து கடைசிவரை நின்று பார்த்தாராம். திரும்பும் வழியில், "இது நடையா ஓட்டமான்னே எனக்கு விளங்கல. ஆனா ஒரு ஆளும் உன்னைத் தள்ளி விட்டுட்டுப் போகல. அது போதும்," என்றாராம். பல்கலைக்கழக அளவுவரை போனார். அவர் காலத்துப் போட்டிகளெல்லாம் நெடுஞ்சாலையில், நேராகப் போய் நேராக வருவது. பிறகு கல்யாணம். கணவர் சேக் இஸ்மாயிலுக்கு நேதாஜி ரோட்டில் பை, பெட்டி விற்கும் கடை. வீடு வண்டியூர்ப் பக்கம் மாறியது. அங்கேயே ஒரு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது.

அந்தப் பள்ளியில்தான் அழகுராக்குவைக் கண்டுபிடித்தார். வராந்தாவில் ஓடக் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். ஷேர் ஆட்டோ ஓட்டும் சோணைமுத்துவின் மகள் தினமும் தாமதமாக வருவாள். சட்டத்தை மீறாமல், ஓடாமல், வராந்தாவில் அவள் நடக்கிற வேகத்துக்கு, பக்கத்தில் ஓடி வருகிற பிள்ளைகள் பின்தங்குவார்கள். தலைமையாசிரியை அவளைத் தண்டிப்பதற்காக ஷாஹீதாவிடம் அனுப்பினார். ஷாஹீதா அவளை இன்னொரு முறை அதே வராந்தாவில் நடக்கச் சொன்னார்.

பள்ளி மைதானத்தில் பாதி புதுக் கட்டடத்துக்கான மணலும் ஜல்லியுமாகக் கிடந்ததால் பயிற்சியெல்லாம் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான். விடிகிற நேரத்தில் பாதி வண்டியூர் அங்கே நடந்துகொண்டிருக்கும். சர்க்கரைக்காரர்கள், புதுமணத் தம்பதிகள், செல்போனில் சத்தமாக வியாபாரம் பேசுகிறவர்கள். அவர்களுக்கு நடுவே ராக்கு வருடக்கணக்காக நடந்து வேகத்தை ஏற்றினாள். இருபது வயதுக்குட்பட்டோர் பத்தாயிரம் மீட்டர் நடையில் தமிழ்நாட்டிலேயே நல்ல நேரம் அவளுடையது.

நேரம் இருந்து என்ன செய்ய? கடைசியாகப் போன இரண்டு பெரிய போட்டிகளிலும் அவளை வெளியேற்றிவிட்டார்கள்.

நடைப்போட்டியில் இரண்டே விதிகள். கண்ணுக்குத் தெரிய எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி, தரையைத் தொட்டது முதல் உடம்பு அதைக் கடக்கிறவரை மடங்கக் கூடாது. தடத்தைச் சுற்றி நடுவர்கள் நின்றுகொண்டு பார்ப்பார்கள். மீறினால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். மூன்று நடுவர்களிடமிருந்து மூன்று அட்டை வந்தால் ஆள் வெளியே. இரண்டு முறையும் ராக்குவுக்கு விழுந்த அட்டைகள் எல்லாமே முட்டி மடங்கியதற்கு.

"மடங்கலைங்க சார். நான் என்ன குருடியா? நானும் நடந்தவதான். பிள்ளை முட்டி கம்பி மாதிரி இருக்கும். நடுவருக்கு நம்ம ஊருன்னா இளக்காரம்," என்றார் ஷாஹீதா, சென்டரின் தடகளத் தலைமைப் பயிற்சியாளர் தமிழ்மாறனிடம்.

தமிழ்மாறன் அதிகம் பேசாதவர். பேசினால் மழுப்ப மாட்டார். "டீச்சர், ரெண்டு போட்டி, ஆறு நடுவர். ஆறு பேருக்கும் நம்ம ஊர் மேல கோவம் இருக்காது. மண்டலப் போட்டி இங்கதான் ரேஸ்கோர்ஸ் மைதானத்துல வருது. அதுக்குள்ள எங்களால முடிஞ்சதெல்லாம் உங்களுக்கும் பிள்ளைக்கும் செய்வோம். அதுலயும் வெளியேத்துனாங்கன்னா, எங்க வழக்கத்தை மீறியாவது அவளை விடுதிக்கு எடுத்து வேற கோச்சுகிட்ட குடுக்குறதா இருக்கேன். ஒளிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது."

ஷாஹீதா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது, "பாத்தீங்களா? பிள்ளை பிடிக்கிற இடம்னு சும்மாவா சொல்லுறாங்க," என்றார்.

அன்றைக்கே சோதனை தொடங்கியது. ராக்குவின் உடம்பில் பளபளக்கும் பொட்டுகளை ஒட்டி, டிரெட்மில்லில் நடக்கவிட்டார் ஹரிஷங்கர். பிறகு தடத்தின் நேர்ப்பகுதியில் கேமராக்களை வைத்து நடக்கவிட்டார். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒவ்வொரு அடியிலும் முட்டி நீட்டமாகவே இருந்தது.

"மேடம் சொன்னது சரிதான். சுத்தமா இருக்கு," என்றார் ஹரிஷங்கர்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஷாஹீதாவுக்குக் கோபம்தான் வந்தது. "சரியா இருந்தா அட்டை ஏன் விழுது? அதைச் சொல்லத்தானே இம்புட்டு மிஷின் வச்சிருக்கீங்க?"

"நேரா நடக்குறப்ப நல்லாத்தான்…"

"நடுவர் எங்க நிப்பாரு? வளைவுலதான் பாதிப் பேர் நிப்பாங்க. கேமராவை அங்க கொண்டுபோங்க சார்."

கேமராவை வளைவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். தடகளத் தடத்தில் எல்லோரும் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றுவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான். ராக்கு வளைவுக்குள் நுழைந்து நாலைந்து அடி வைத்ததும் திரையில் அது தெரிந்தது. இடது கால் தரையைத் தொடும்போது முட்டி நீளவில்லை. லேசான மடிப்பு. வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் காணாமல் போனது. அடுத்த வளைவில் மறுபடி.

ஷாஹீதா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "இன்னொரு தடவை போடுங்க," என்றார். போட்டோம். "இன்னொரு தடவை." அதற்குப் பிறகு கேட்கவில்லை.

"எங்கயாச்சும் கீழ விழுந்தியா ராக்கு? சின்ன வயசுல?" என்று கேட்டார் ஹரிஷங்கர்.

"விழுந்தா எங்கப்பா அடிப்பாரு சார். அதனால விழ மாட்டேன்."

ஸ்ரீஜா என்ற பிசியோ வந்து இடுப்பின் பலத்தை அளந்து பார்த்தார். வலது பக்கம் நன்றாக இருந்தது. இடது பக்கம், உடம்பை உள்பக்கமாகத் தாங்கித் திருப்ப வேண்டிய இடத்தில் பலமே இல்லை. ஆனால் ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒரே பிள்ளையின் இரண்டு காலும் ஒரே தூரம்தானே நடந்திருக்கின்றன? ஹரிஷங்கருக்குத் தூக்கம் போனது போலிருந்தது. கடைசியில், "நீங்க பழகுற இடத்தை நான் ஒருநாள் வந்து பாக்கலாமா மேடம்?" என்றார்.

"வாங்களேன். யார் வேணான்னா?"

அந்த வாரமே போனோம். தெப்பக்குளத்தின் ஒரு மூலையில் பெட்டிக்கடைப் பக்கமாகக் கேமராவை நிறுத்தினேன். ஹரிஷங்கர் கையில் டீயோடு நின்றார். ராக்கு கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து வந்து, மூலையில் அழகாகத் திரும்பிப் போனாள். முட்டி கம்பி மாதிரி. அடுத்த சுற்றிலும் அப்படியே. ஹரிஷங்கர் டீயைக் குடிக்காமல் அவளைப் பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். வேட்டி, சுடிதார், பர்தா, டிராக் பேன்ட் எல்லாம் ஒரே திசையில், கோயில் பிராகாரத்தில் போவது போல, குளத்தை வலப்பக்கம் வைத்துப் போய்க்கொண்டிருந்தன. நாலு மூலையிலும் எல்லோரும் வலப்பக்கமே திரும்பினார்கள்.

"டீச்சர்," என்றார். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். "ராக்குவை எதிர்ப்பக்கமா ஒரு சுத்து விடுங்களேன்."

"எதிர்ப்பக்கமாவா?" ஷாஹீதா பதறிப்போனார். "அது எப்படி சார்? மாரியம்மன் தெப்பம் இது. எல்லாரும் வலமாத்தான் வருவாங்க."

"எப்பவுமே இப்படித்தானா? மழை நாள்ல, ஆளே இல்லாத நேரத்துல?"

"எப்பவுமேதான். நான் இங்க வந்த புதுசுல யோசிச்சேன். நம்ம தெருவுல இருந்து வந்திருக்கோம், இது அவங்க குளம், அவங்க சாமி. முறை தெரியாம எடக்கா நடந்துட்டாள்னு ஒரு ஆளு சொல்லிறக் கூடாதுல்ல? அன்னைலேர்ந்து ஒரு நாள் மாத்திப் போனதில்ல. பிள்ளைகளையும் விட்டதில்ல. ஒருத்தி விளையாட்டுக்குத் திரும்பி நடந்தாக்கூட அதட்டி…"

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்தினார். ராக்கு மூன்றாவது சுற்றில் எங்களைக் கடந்து, வலது பக்கம் திரும்பி மறைந்தாள்.

ஷாஹீதா குளத்துச் சுவரில் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப நான்தான் பிள்ள காலைக் கெடுத்திருக்கேனா?"

"கெடுக்கல டீச்சர். ஒரு பக்கம்தான் பழக்கியிருக்கீங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், தமிழ்மாறன் சார்ட்ட சொல்லிராதீங்க. இதைக் கேட்டா இன்னைக்கே பிள்ளைய எடுத்துருவாரு."

ஹரிஷங்கர் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "முட்டியில கோளாறு இருந்தா வருஷக் கணக்குல ஆகும். நடையே தப்பா விழுந்திருந்தா அதை அழிச்சு எழுதணும். இது அப்படி இல்ல. நீங்க சொல்லிக் குடுத்த நடை அப்படியே இருக்கு. எடது பக்கம் திரும்புனதே இல்ல, அம்புட்டுத்தான். திரும்பப் பழக்குனா சரியாயிரும். நான் பயந்துட்டு இருந்தேன் டீச்சர், உள்ள எலும்புல ஏதும் இருக்குமோன்னு. இப்பத்தான் எனக்கு மூச்சே வருது."

ஷாஹீதா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாரோ என்ற சந்தேகம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுற்றி வந்த ராக்குவை நிறுத்தி, "போதும் வா. திருநகர் போறோம்," என்றார்.

தமிழ்மாறன் அறைக்கு அவரே முதலில் போனார். ஹரிஷங்கரைப் பேச விடவில்லை. தெப்பக்குளம், வலம், தன்னுடைய பயம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இனி நீங்க என்ன முடிவெடுத்தாலும் சரி," என்று நின்றார்.

தமிழ்மாறன் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "டீச்சர், நான் அலங்காநல்லூர்ப் பக்கம். சின்ன வயசுல வட்டு எறியப் பழகுனது களத்து மேட்டுல. அங்க ஒரு பக்கம் வைக்கப்போர். அதுல இடிக்காம எறிஞ்சு எறிஞ்சு என் வட்டு எல்லாம் ஒரு பக்கமாவே போகும். இங்க வந்து அதைத் திருத்த எனக்கு ஒரு சீசன் ஆச்சு. உக்காருங்க." போனை எடுத்தார். ராக்குவுக்குத் தினமும் காலையில் சென்டர் தடம். இடுப்புக்கு ஸ்ரீஜாவிடம் பயிற்சி. ஷாஹீதாவுக்கு, நடைக்கென்று சென்டர் நடத்தும் பயிற்சியாளர் வகுப்பில் ஓர் இடம். வண்டியூரிலிருந்து வந்து திரும்ப நேரமாகும் என்பதால் தலைமையாசிரியையிடம் பேசி முதல் பீரியடிலிருந்தும் அவரை விடுவித்தார்.

"விடுதி?" என்று கேட்டார் ஷாஹீதா.

"அது மண்டலப் போட்டி முடிஞ்சுதான். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

வீட்டில் இதைச் சொன்னபோது சேக் இஸ்மாயில் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு யோசித்தாராம். "எங்கம்மா உம்ரா போயிட்டு வந்து சொன்னுச்சே, அங்க மக்காவுல காபாவைச் சுத்துறது எடப்பக்கமாத்தான்னு. உனக்கு அது தெரியும்தானே ஷாஹீ?"

"தெரியும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இல்ல, நீ நம்ம வழக்கத்தை மறந்து அவங்க வழக்கத்தை இம்புட்டு உண்மையா காப்பாத்தியிருக்க. அவார்டே குடுக்கலாம்."

"வாயை மூடிட்டு சாப்பிடுங்க," என்றாராம். ஆனால் எங்களிடம் சொல்லும்போது அவராலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டர் தடம் பூட்டியிருக்கும். அந்த நாட்களில் வேறு வழியில்லாமல் ராக்கு தெப்பக்குளத்தைத் திருப்பிச் சுற்றினாள். முதல் ஞாயிறே பிரச்சினை. காலைநடைச் சங்கத் தலைவர் சொக்கநாதன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, அவள் எதிரே வந்த வேகத்தில் ஒதுங்கப் போய்ச் சுவரில் மோதிக்கொண்டார்.

"ஏம்மா டீச்சர்! இத்தனை வருஷமா ஒழுங்காத்தானே போனீங்க? இன்னைக்கு என்ன எல்லாத்தையும் எதுத்துக்கிட்டு?"

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பிள்ளைக்கு எடது கால்ல பலமில்ல. எடப்பக்கமாச் சுத்துனாத்தான் சரியாகும்னு சென்டர்ல சொல்லிட்டாங்க. அம்மனுக்கு அபச்சாரம் ஆகுமோன்னு எனக்கே சங்கடமாத்தான் இருக்கு."

"அம்மன் ஒண்ணும் சொல்லாது. பெத்த பிள்ளைகளை அதுக்குத் தெரியாதா? எங்க சங்கத்துக்காரனுகதான் சொல்லுவானுக." இடுப்பைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஏத்தா ராக்கு, நீ வெளி ஓரமா போ. நான் முன்னாடி நடந்து வழி சொல்லுறேன்."

"சார், என் வேகத்துக்கு நீங்க முன்னாடி நடக்க முடியாது."

"என்ன பேச்சு பேசுது பாருங்க இது!"

கடைசியில் நாலு மூலைக்கும் ஒரு சங்கத்துக்காரரை அவரே நிறுத்தினார். ராக்கு வருவதைப் பார்த்ததும் அவர்கள், "ஓரம் போங்க, ஓரம் போங்க, டாக்டர் சொன்ன நடை," என்று கூவுவார்கள். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை.

வாரா வாரம் வளைவில் படம் எடுத்தேன். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. ராக்குவின் வேகம்கூட முன்னைவிடக் குறைந்தது. ஷாஹீதாவின் முகத்தில் பழைய பயம் திரும்பியது. பிறகு ஒருநாள் படத்தை ஓட்டும்போது ஹரிஷங்கர் திரையை விரலால் தட்டினார். வளைவின் முதல் பாதியில் இடது முட்டி நீண்டிருந்தது. இரண்டாம் பாதியில் களைப்பு ஏறியதும் மடங்கியது. ஷாஹீதா பாதி வளைவுக்குக் கைதட்டினார். அதன்பிறகு மடிப்பு மெல்ல மெல்லப் பின்னால் தள்ளிப் போனது.

மண்டலப் போட்டி அன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு இஸ்மாயில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சோணைமுத்து ஆட்டோவை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே உட்காராமல் வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே வந்து பார்த்தால் பிள்ளைக்குக் கண்பட்டுவிடும் என்பது அவர் எண்ணம். தமிழ்மாறன் கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார்.

இருபத்தைந்து சுற்று. ஐம்பது இடது வளைவு. ராக்கு முன்னால் போகவில்லை. ஷாஹீதா அவளை அப்படித்தான் பழக்கியிருந்தார். "யார் போனாலும் போகட்டும். வளைவுல மட்டும் உன் காலைப் பாரு." மூன்றாவதாக, நாலாவதாக நடந்தாள். பத்துச் சுற்று தாண்டியதும் பலகையில் ஒரு தேனிப் பெண்ணுக்குச் சிவப்புப் புள்ளி விழுந்தது. அடுத்ததாக ராக்குவின் எண்ணுக்கு எதிரே ஒன்று.

"அய்யோ," என்றார் இஸ்மாயில்.

"பேசாம இருங்க."

"எந்த நடுவர் போட்டது?"

"பேசாம இருங்கன்னேன்ல!"

கடைசி சில சுற்றுகளில் தேனிப் பெண்ணுக்கும் ராக்குவுக்கும் இரண்டாவது புள்ளியும் விழுந்தது. தூர வளைவில் நின்ற நடுவர் ராக்குவைப் பார்க்கக் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். ஷாஹீதா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ராக்கு தன்னைக் கடக்கும்போது ஷாஹீதா கத்தவில்லை. முட்டியை மட்டும் ஒருமுறை தட்டிக் காட்டினார். ராக்கு தலையை ஆட்டினாள். முன்னால் போனவர்கள் களைத்ததில் இரண்டாவதாக வந்திருந்த அவளை, கடைசி வளைவில் தாண்டிப் போக ஒரு பெண் வந்தாள். ராக்கு வேகத்தைக் கூட்டவில்லை. போக விட்டாள். மூன்றாவதாக வந்து கோட்டைத் தொட்டாள்.

ஆனால் அதோடு முடிவதில்லை. நடந்து முடித்த பிறகும் நடுவர்களிடமிருந்து அட்டை வந்து சேரலாம். வந்தால் தலைமை நடுவர் சிவப்புத் தட்டியோடு வந்து சொல்லுவார். கோட்டைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் மூச்சு வாங்கியபடி அவர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வந்தார். கையில் தட்டி இருந்தது. ராக்கு நின்ற பக்கமாகத்தான் நடந்தார். ஷாஹீதா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஓதத் தொடங்கினார்.

நான் கேமராவை இறக்கிவிட்டேன். எடுக்க மனம் வரவில்லை.

தலைமை நடுவர் ராக்குவைக் கடந்து போனார். அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்து, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்த தேனிப் பெண்ணின் முன்னால் நின்று தட்டியைக் காட்டினார். பிறகு திரும்பி மேசைக்குப் போய், பலகையைச் சரிபார்த்து, முடிவைக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

"டீச்சர், கண்ணைத் தொறங்க," என்றேன்.

அவர் திறக்கவில்லை. "யாருக்கு?"

"நமக்கு இல்ல."

அதன்பிறகுதான் மூச்சை விட்டார். விட்டவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். இஸ்மாயில் தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் மூடியோடு போராடிக்கொண்டிருந்தார். மைக்கில் முடிவு வாசித்தார்கள். மூன்றாமிடம், அழகுராக்கு, மதுரை, பயிற்சியாளர் ஷாஹீதா. வேலிக்கு வெளியே யாரோ ஓங்கி விசிலடித்தார்கள். சோணைமுத்துதான்.

தமிழ்மாறன் மெதுவாக நடந்து வந்தார். "பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். திங்கக்கிழமை தடத்துல பாக்கலாம். ரெண்டு அட்டை விழுந்திருக்கு, அதையும் பாக்கணும்."

"வாரோம் சார்," என்றார் ஷாஹீதா. தமிழ்மாறன் போன பிறகு, "அந்த ரெண்டாவது அட்டை மட்டும் எனக்கு ஒத்துக்க முடியல," என்று எங்களிடம் சொன்னார். ஹரிஷங்கர் வாயைத் திறந்தார். பிறகு நல்லவேளையாக மூடிக்கொண்டார்.

ராக்கு வந்து அவர் முன்னால் புல்லில் பொத்தென்று விழுந்தாள். வியர்வையில் முகம் உப்பாகி இருந்தது. ஷாஹீதா அவளுடைய இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஷூவைக் கழற்றினார். பெருவிரல் ஓரத்தில் ஒரு பெரிய கொப்புளம்.

"வலிக்குதா?"

"வலிக்குது டீச்சர். ரொம்ப."

"வலிக்கட்டும்," என்றார் ஷாஹீதா, பாதத்தை விடாமல். "நாளைக்கு லீவு. தூங்கு."